கொழும்புத் தொடர்மாடியில் நாயும் பூனையும்: அன்றாடச் சிக்கல்களையும் சிறு நோய்களையும் கையாள ஒரு முழுமையான வழிகாட்டி

வெள்ளவத்தையில் மூன்றாம் மாடியில் இருக்கும் எங்கள் வீட்டில் மணி என்ற நாயும் இரண்டு பூனைகளும் வளர்கின்றன. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சித்திரை மாதத்தில் மணி இரண்டு நாள் சோற்றைத் தொடாமல் குளியலறைத் தரையிலேயே படுத்துக் கிடந்தது. வெயில்தான் காரணம் என்று நான் எண்ணினேன். மூன்றாம் நாள் காலை அம்மா அதன் மேலுதட்டைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "முரசைப் பார் பிள்ளை, வெளிறிப் போச்சு" என்றார். எப்போதும் இளஞ்சிவப்பாக இருக்கும் பல்முரசு அன்று காய்ந்த சுண்ணாம்பின் நிறத்தில் இருந்தது. உண்ணிக் காய்ச்சல் என்று இரத்தப் பரிசோதனையில் தெரியவந்தது. மணி பிழைத்துக்கொண்டது, ஆனால் நான் வீணாக்கிய அந்த இரண்டு நாட்களை இன்றும் மறக்க முடியவில்லை. எதை வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம், எதற்கு உடனே ஓட வேண்டும் என்பதைப் பிரித்தறிய முடியாமல் தவிக்கும் எவருக்கும் பயன்படட்டும் என்று, எங்கள் வீட்டில் பின்பற்றும் ஒழுங்கை இங்கே படிப்படியாக எழுதுகிறேன்.

முதற்படி: நலமாக இருக்கும் நாளின் கணக்கை எடுத்து வையுங்கள்

நோயை அடையாளம் காண்பதற்கு முன் நலம் எப்படி இருக்கும் என்று தெரிந்திருக்க வேண்டும். வாரத்தில் ஒரு நாள், பிராணி அமைதியாக இருக்கும் வேளையில் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். உதட்டைத் தூக்கி முரசின் நிறத்தைப் பாருங்கள்; விரலால் அழுத்தினால் வெளுத்து, விரலை எடுத்ததும் இரண்டு விநாடிக்குள் நிறம் திரும்ப வேண்டும். கறுப்பு முரசு உள்ள நாய்களுக்குக் கீழ் இமையின் உட்புறத்தைப் பார்க்கலாம். தூங்கும்போது நெஞ்சு ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் எண்ணுங்கள். முப்பதுக்கு உள்ளே இருந்தால் கவலையில்லை. பிறகு எடையைக் குறித்துக்கொள்ளுங்கள். பிராணியைத் தூக்கிக்கொண்டு தராசில் ஏறி, பின் உங்கள் எடையைக் கழித்தால் போதும். பூனையின் எடையில் அரைக் கிலோ குறைந்தாலும் அது பெரிய மாற்றம் என்பதால் இந்தக் கணக்கு முக்கியமானது.

உடல் வெப்பத்தை மூக்கைத் தொட்டுப் பார்த்து அறிய முடியாது. நலமாக இருக்கும் நாய்க்கும் பூனைக்கும் வெப்பநிலை சுமார் 101 முதல் 102.5 பாகை பரன்ஹைட் வரை இருக்கும். அதாவது மனிதருக்குக் காய்ச்சல் என்று நாம் சொல்லும் அளவு அவற்றுக்கு இயல்பானது. பிராணிக்கென்று தனியே ஒரு டிஜிட்டல் வெப்பமானி வாங்கி, முனையில் தேங்காய் எண்ணெய் பூசி, வாலைத் தூக்கி, மலவாயில் இரண்டு சென்டிமீட்டர் அளவு மட்டும் மெதுவாகச் செலுத்தி அளவிடுங்கள். ஒருவர் தலையை அணைத்துப் பிடிக்க, மற்றவர் அளப்பது நல்லது.

இரண்டாம் படி: உண்ணி

கொழும்பில் நாய் வளர்ப்பவருக்கு ஒரே ஒரு விடயத்தைத்தான் சொல்ல முடியும் என்றால் நான் உண்ணியைப் பற்றித்தான் சொல்வேன். ஆண்டு முழுவதும் வெப்பமும் ஈரமும் உள்ள இந்த நகரத்தில் உண்ணிக்கு ஓய்வுக் காலம் கிடையாது. இங்கு நாய்களில் காணப்படும் பழுப்பு உண்ணி வீட்டுக்குள்ளேயே தன் வாழ்க்கை வட்டத்தை முடிக்கக்கூடியது. முட்டையிலிருந்து வரும் சிறு புழுப்பருவம், அடுத்த பருவம், வளர்ந்த உண்ணி ஆகிய மூன்று நிலைகளிலும் நாயின்மேல் ஏறி இரத்தம் குடித்துவிட்டு, ஒவ்வொரு முறையும் கீழே இறங்கிச் சுவர் இடுக்குக்குள் ஒளிந்துகொள்கிறது. வயிறு புடைத்த ஒரு பெண் உண்ணி சில ஆயிரம் முட்டைகளை இட வல்லது. வளர்ந்த உண்ணி உணவின்றியே பல மாதங்கள் காத்திருக்கும். எனவே நாயின் உடம்பில் கண்ணுக்குத் தெரிபவை சிறு பங்குதான். பெரும்பங்கு சுவரிலும் கதவு நிலையிலும் இருக்கிறது. நாயை மட்டும் கவனித்துவிட்டு வீட்டைக் கவனிக்காதவர்கள் மாதக்கணக்கில் உண்ணி பொறுக்கிக்கொண்டே இருப்பதற்குக் காரணம் இதுதான்.

உடம்பில் இருப்பதை அகற்றும் முறை இது. மாலையில், நல்ல வெளிச்சத்தில், நாயை வெள்ளைத் துணிமேல் படுக்க வையுங்கள். காதின் உள்மடல், கழுத்துப் பட்டிக்குக் கீழ், கால்விரல் இடுக்கு, கக்கம், தொடை இடுக்கு, வாலின் அடிப்பாகம் ஆகிய இடங்களை இந்த ஒழுங்கில் விரலால் தடவிப் பாருங்கள். கண்ணுக்குத் தப்பினாலும் விரலுக்குத் தப்பாது. சிறிய இடுக்கியால் உண்ணியைத் தோலுக்கு மிக அருகில் பிடித்து, திருகாமல், சீராக நேராக இழுங்கள். கழன்றதைச் சவர்க்காரத் தண்ணீரிலோ ஸ்பிரிட்டிலோ போடுங்கள். விரல் நகத்தால் நசுக்க வேண்டாம். நெருப்புக்குச்சியால் சுடுவதும் மண்ணெண்ணெய் பூசுவதும் நம் வீடுகளில் இன்னும் நடக்கின்றன. இரண்டும் நாயின் தோலைப் புண்ணாக்குபவை, மண்ணெண்ணெயை நாய் நக்கினால் நுரையீரலும் பாதிக்கப்படலாம். எங்கள் வீட்டில் அம்மா பழைய ஜாம் போத்தல் ஒன்றில் சவர்க்காரத் தண்ணீர் வைத்து, எடுத்த உண்ணிகளை ஒவ்வொரு நாளும் எண்ணிச் சுவர் நாட்காட்டியில் எழுதினார். முதல் வாரம் நாற்பதுக்கு மேல் இருந்த எண்ணிக்கை ஏழாம் வாரம் ஒன்று, இரண்டாகக் குறைந்தது. அந்த எண்கள் இல்லாதிருந்தால் நாங்கள் இடையிலேயே சலித்துப்போய் விட்டிருப்போம்.

அடுத்தது தடுப்பு மருந்து. வாயால் கொடுக்கும் மெல்லும் குளிசைகளும், பிடரியில் இடும் சொட்டு மருந்துகளும் உண்டு. அபொக்சொலானர் உள்ள குளிசை மாதம் ஒருமுறை கொடுக்க வேண்டியது. புளூராலனர் உள்ளது சுமார் பன்னிரண்டு வாரம் வேலை செய்யும். எடைக்கு ஏற்ற அளவை வைத்தியரிடம் கேட்டே வாங்க வேண்டும். முன்பு வலிப்பு வந்த நாயாக இருந்தால் அதைக் கட்டாயம் சொல்லுங்கள். சொட்டு மருந்து இடும்போது முடியைப் பிரித்துத் தோலிலேயே இட வேண்டும், முன்னும் பின்னும் இரண்டு நாள் குளிப்பாட்டக் கூடாது. நாய்க்கான சொட்டு மருந்தில் பேர்மெத்ரின் என்ற பூச்சிகொல்லி இருந்தால் அது பூனையைக் கொல்லக்கூடியது. நாயும் பூனையும் ஒரே மெத்தையில் தூங்கும் வீடுகளில் இதை இரட்டிப்புக் கவனத்தோடு பாருங்கள்.

வீட்டைப் பொறுத்தவரை, படுக்கைத் துணிகளை வாரம் ஒருமுறை சுடுநீரில் துவைத்து வெயிலில் காய விடுங்கள். சுவரோரப் பலகை, கதவு நிலை, திரைச்சீலையின் மேல்மடிப்பு, படச்சட்டத்தின் பின்புறம் ஆகியவற்றைத் தூசு உறிஞ்சியால் சுத்தம் செய்து, சேர்ந்ததை உடனே கட்டி வெளியேற்றுங்கள். உண்ணி மேல்நோக்கி ஏறும் இயல்புடையது; ஆகவே கூரை மூலையையும் பார்க்க வேண்டும். இரண்டு மூன்று மாதம் இதைத் தொடர வேண்டும். பூச்சிகொல்லி தெளிக்க ஆள் அழைத்தால், பிராணிகளை வெளியே கொண்டுபோய், மீன் தொட்டியை மூடி, தரை முழுதாகக் காய்ந்த பிறகே திரும்பி வாருங்கள். தொடர்மாடியில் இன்னொரு தொல்லையும் உண்டு: படிக்கட்டிலும் வாகனத் தரிப்பிடத்திலும் படுக்கும் தெருநாய்கள் வழியாக உண்ணி மீண்டும் மேலே வரும். அந்த நாய்களை விரட்டுவதால் ஒன்றும் தீராது. வேறு நாய்கள் வந்து அதே இடத்தில் படுக்கும். மாடியில் உள்ளவர்கள் காசு சேர்த்து அவற்றுக்கும் தடுப்புக் குளிசை கொடுப்பதே என் அனுபவத்தில் பலன் தந்த வழி.

இனி காய்ச்சல். உண்ணி கடித்து ஒன்று முதல் மூன்று வாரங்களுக்குள், சில வேளை அதற்கும் பின்னர், எர்லிக்கியா, பபேசியா போன்ற கிருமிகளால் நோய் வெளிப்படலாம். சாப்பாட்டில் வெறுப்பு, சோர்வு, 103 பாகைக்கு மேற்பட்ட வெப்பம், வெளிறிய முரசு, மூக்கில் இரத்தம், தேநீர்ச் சாயம் போன்ற சிறுநீர் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றைக் கண்டாலும் அன்றே வைத்தியரிடம் செல்லுங்கள். வைத்தியர் பெரும்பாலும் முதலில் பார்ப்பது, டெங்குவால் கொழும்பு வாசிகள் அனைவருக்கும் பழகிப்போன அதே குருதிச் சிறுதட்டு எண்ணிக்கையைத்தான். எர்லிக்கியாவுக்குக் கொடுக்கும் டொக்சிசைக்கிளின் பல வாரம் நீளும் மருந்து. மூன்றாம் நாளே நாய் துள்ளி விளையாடத் தொடங்கிவிடும். அதைக் கண்டு மருந்தை நிறுத்திவிட வேண்டாம்.

மூன்றாம் படி: வயிறு

ஒருமுறை வாந்தி எடுத்துவிட்டுப் பழையபடி வாலாட்டித் திரியும் வளர்ந்த நாய்க்கு எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரம் உணவைத் தள்ளிப்போட்டு, தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக வையுங்கள். பிறகு தோல் நீக்கி வேகவைத்த கோழியும் குழைந்த சோறும், உப்போ தூளோ சேர்க்காமல், நான்கு சிறு வேளைகளாகக் கொடுங்கள். கலங்காமல் இரண்டு நாள் கழிந்தால் வழக்கமான உணவைப் படிப்படியாகக் கலக்கலாம். வயிற்றோட்டம் இருந்தால் பிடரித் தோலைத் தூக்கி விடுங்கள். உடனே விழாமல் கூடாரம்போல் நின்றால் நீர்ச்சத்துக் குறைந்துவிட்டது என்று பொருள். நீரிழப்புக்குக் கொடுக்கும் ஜீவனி கரைசலைச் சிறிது சிறிதாகக் கொடுக்கலாம், ஆனால் அதை நம்பி நேரத்தைக் கடத்த வேண்டாம்.

பூனையைப் பட்டினி போடக் கூடாது. இரண்டு நாள் சாப்பிடாத பூனைக்கு, குறிப்பாகக் கொழுத்த பூனைக்கு, ஈரலில் கொழுப்புச் சேர்ந்து உயிராபத்து வரலாம். தடுப்பூசி முடியாத குட்டி நாய்க்கு வாந்தியும் துர்நாற்றமுள்ள வயிற்றோட்டமும் ஒன்றாக வந்தால் குடலைத் தாக்கும் பார்வோ வைரஸ் என்று கருதி அந்த மணித்தியாலமே புறப்படுங்கள். பெரிய இன நாய் வயிறு உப்பி, வாந்தி எடுக்க முயன்றும் எதுவும் வராமல் தவித்தால் அதுவும் அப்படியே.

சைவ உணவு உண்ணும் வீடுகளைப் பற்றி இங்கே மனம் திறந்து எழுத விரும்புகிறேன், ஏனெனில் என் உறவினர் வீடுகளிலேயே இதைக் கண்டிருக்கிறேன். பூனை இறைச்சியின்றி வாழ முடியாத பிராணி. இறைச்சியிலும் மீனிலும் உள்ள டோரின் என்ற சத்து போதாமல் போனால் அதன் பார்வையும் இதயமும் பழுதடையும். தயிர்ச்சோற்றிலும் பாலிலும் பூனை வளரும் என்று எண்ணுவது அன்பினால் வரும் தவறு. வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் வயிற்றோட்டத்தையே தரும். வீட்டில் மீன் சமைக்க முடியாதவர்கள் பொதி உணவை வாங்கித் தனிப் பாத்திரத்தில் வைக்கலாம். நாய் இந்த விடயத்தில் ஓரளவு இணக்கமானது. ஆனால் வெங்காயமும் உள்ளியும் சேர்ந்த குழம்புச் சோறு இரண்டுக்குமே ஆகாது, ஏனெனில் அவை செங்குருதிக் கலங்களைச் சிதைப்பவை. திராட்சை, உலர்திராட்சை, சொக்லேட், சமைத்த கோழி எலும்பு ஆகியவற்றையும் எட்டாத இடத்தில் வையுங்கள்.

குடற்புழுவைப் பற்றி ஒரு செய்தி. நாய், பூனைகளின் கொக்கிப் புழுக்களில் ஒன்றுக்கு ஆன்சைலோஸ்டோமா செய்லானிகம் என்று பெயர். 1911இல் இலங்கையின் புனுகுப் பூனையிலிருந்து விவரிக்கப்பட்டதால் அன்றைய நாட்டின் பெயரே அதற்கு வாய்த்தது. அது மனிதருக்கும் தொற்றக்கூடியது. குட்டிகளுக்கு இரண்டு வார வயதிலிருந்தே வைத்தியர் சொல்லும் இடைவெளியில் பூச்சி மருந்து கொடுங்கள், வளர்ந்தவற்றுக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை கொடுங்கள். வாலடியில் அரிசிமணி போன்ற துணுக்குகளைக் கண்டால் அது நாடாப்புழு. அதைப் பரப்புவது தெள்ளு என்பதால் தெள்ளுக்கும் சேர்த்து மருந்து வேண்டும்.

நான்காம் படி: காதும் தோலும்

மழைக் காலத்தில் காது தொங்கும் நாய்களுக்குக் காதுக்குள் ஈரம் தங்கிப் பூஞ்சை வளரும். தலையை அடிக்கடி உதறுவதும் புளித்த மணமும்தான் முதல் அறிகுறிகள். வைத்தியர் தந்த காது கழுவும் திரவத்தைத் துளை நிறையும்வரை விட்டு, காதின் அடியை அரை நிமிடம் பிசைந்து, நாய் தலையை உதறிய பின் விரலில் சுற்றிய பஞ்சால் எட்டும் தூரம்வரை மட்டும் துடையுங்கள். பஞ்சுக் குச்சி அழுக்கை உள்ளே தள்ளிவிடும். பூனையின் காதில் கோப்பித் தூள் போன்ற கறுப்பு அழுக்கு நிறைந்திருந்தால் அது காதுச் சிற்றுண்ணியாக இருக்கலாம். அதற்குத் தனி மருந்து உண்டு.

ஒரே இரவில் தோன்றும் ஈரமான, முடி உதிர்ந்த சிவப்புப் புண்ணும் இந்தக் காலத்துக்கே உரியது. சுற்றியுள்ள முடியை வெட்டி, உப்புநீரால் கழுவி, நன்கு உலர்த்தி, நக்காதபடி கழுத்தில் கூம்பு அணிவியுங்கள். உள்ளங்கையை விடப் பெரிதாகப் பரவினால் வைத்தியரிடம் காட்ட வேண்டும். குளிப்பாட்டிய பின் மின்விசிறிக்குக் கீழே முழுதாகக் காய வைப்பதுதான் இதற்குச் சிறந்த தடுப்பு. பினைல், டெட்டோல் போன்ற கிருமிநாசினிகளைப் பூனையின் உடலில் பயன்படுத்தாதீர்கள், அவற்றால் துடைத்த தரை காயும்வரை பூனையை அந்தப் பக்கம் விடவும் வேண்டாம். அந்த வகைச் சேர்மங்களைச் சிதைக்கும் ஆற்றல் பூனையின் ஈரலுக்குக் குறைவு.

ஐந்தாம் படி: நம் மருந்துப் பெட்டியைப் பூட்டுங்கள்

காய்ச்சல் என்றதும் பனடோலைத் தேடும் கை நம்முடையது. மேலே சொன்ன ஈரல் குறைபாட்டினால் ஒரு பரசிட்டமோல் குளிசையே ஒரு பூனையைக் கொல்லப் போதுமானது. முரசு பழுப்பாகி, முகம் வீங்கி, மூச்சுத் திணறும். ஐபுபுரோபன் என்ற வலிநிவாரணி நாயின் இரைப்பையையும் சிறுநீரகத்தையும் பழுதாக்கும். தவறி விழுங்கியிருந்தால் குளிசை உறையையும் எடுத்துக்கொண்டு உடனே வைத்தியரிடம் ஓடுங்கள். வீட்டில் வாந்தி எடுக்க வைக்க முயல வேண்டாம்.

மழைக்குப் பின் தேரையைக் கவ்விய நாய் நுரை தள்ளினால், தலையைக் கீழ்நோக்கிப் பிடித்து, தண்ணீர் தொண்டைக்குள் போகாதபடி பக்கவாட்டில் விட்டு வாயைப் பல நிமிடங்கள் கழுவுங்கள். தள்ளாட்டமோ நடுக்கமோ இருந்தால் கழுவிக்கொண்டே புறப்பட வேண்டும். ஆண் பூனை மண் தட்டில் அடிக்கடி அமர்ந்து முக்கியும் சிறுநீர் வராவிட்டால் மலச்சிக்கல் என்று எண்ணிக் காத்திருக்காதீர்கள். சிறுநீர்க் குழாய் அடைபட்டிருந்தால் ஒன்றிரண்டு நாளில் உயிர் போய்விடும்.

ஆறாம் படி: வெயிலும் வெடியும்

நடைக்குக் காலை ஏழுக்கு முன்னும் மாலை ஆறுக்குப் பின்னும் செல்லுங்கள். புறங்கையைச் சில விநாடி தார் வீதியில் வைக்க முடியாவிட்டால் பாதமும் தாங்காது. மூக்குச் சப்பையான இனங்களுக்கு இது இன்னும் கடுமை. மூச்சு இரைத்துத் தள்ளாடினால் சாதாரணத் தண்ணீரால் நனைத்து விசிறிக்கொண்டே கிளம்புங்கள்.

தீபாவளி, டிசம்பர் 31 நள்ளிரவு, சித்திரைப் புத்தாண்டு ஆகிய மூன்று நாட்களும் நாய்கள் அதிகம் தொலையும் நாட்கள். அன்று மாலை வெளிச்சம் இருக்கும்போதே நடையை முடித்து, உள்ளறையில் திரைகளை இழுத்து, மின்விசிறியும் வானொலியும் ஓட விட்டு, தொலைபேசி எண் பொறித்த பட்டியை அணிவித்து வையுங்கள். கட்டிப் போடக் கூடாது. பயத்தில் கயிறு கழுத்தை நெரித்துவிடும். மிகவும் நடுங்கும் நாயாயின் இரண்டு வாரம் முன்பே வைத்தியரிடம் பேசுங்கள்.

ஏழாம் படி: கடித்தாலோ கீறினாலோ

வலியில் இருக்கும் சொந்த நாயும் கடிக்கும். காயத்தைச் சவர்க்காரம் இட்டு, ஓடும் குழாய்த் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றே அரசாங்க வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். விசர்நாய்க் கடிக்கான தடுப்பூசி அங்கு இலவசம். மஞ்சளும் கோப்பித் தூளும் வைத்துக் கட்ட வேண்டாம். பிராணிக்கு ஆண்டுதோறும் போட்ட ஊசியின் அட்டையைக் கொண்டுபோனால் சிகிச்சையைத் தீர்மானிக்க உதவும். வீட்டுப் பூனைக்கும் அந்த ஊசி வேண்டும். வெளியே போகாத பூனைக்கு எதற்கு என்று கேட்பவர்கள் பலர், ஆனால் பால்கனிக்குப் பறக்கும் வௌவாலும் ஏறி வரும் தெருப்பூனையும் அனுமதி கேட்பதில்லை.

எட்டாம் படி: வைத்தியரிடம் செல்லும் நாளும் அதன் பின்னும்

இலங்கை கால்நடை மருத்துவ சபையில் பதிவு பெற்றவரிடமே செல்லுங்கள். நம்மில் பலர் நோயைச் சிங்களத்தில் விளக்கத் திணறிப் பாதியைச் சொல்லாமல் விட்டுவிடுகிறோம். அதற்கு நான் கண்ட வழி எண்களை எழுதிக் கொண்டுபோவதுதான்: எடை, வெப்பநிலை, வாந்தி எத்தனை முறை, கடைசியாகச் சாப்பிட்ட நேரம், கொடுத்த மருந்தின் உறை. இருமல், நொண்டல், வலிப்பு போன்றவற்றைத் தொலைபேசியில் காணொளியாக எடுத்துக் காட்டுங்கள், ஏனெனில் கிளினிக் மேசையில் ஏறியதும் எல்லாப் பிராணியும் நலம்போல் நின்றுவிடும். பூனையை முச்சக்கர வண்டியில் கையில் அணைத்துக் கொண்டுபோக வேண்டாம். காலி வீதி ஹோர்ன் சத்தம் ஒன்று போதும், அது பாய்ந்து ஓட. மூடிய கூடையில் வைத்து, மேலே துண்டு போர்த்துங்கள்.

வீடு திரும்பிக் குளிசை கொடுக்கும்போது பூனையைக் கழுத்துவரை துண்டால் சுற்றி, பின்புறமாக இருந்து தாடை மூலைகளைப் பிடித்துத் தலையை நிமிர்த்தினால் வாய் சற்றுத் திறக்கும். குளிசையை நாவின் பின்பகுதியில் வைத்து, வாயை மூடித் தொண்டையைத் தடவுங்கள். உடனே ஊசியற்ற சிரிஞ்சால் கன்னத்தின் ஓரமாக ஐந்து மில்லிலீட்டர் தண்ணீர் கொடுங்கள். தண்ணீரின்றிப் போன குளிசை, குறிப்பாக டொக்சிசைக்கிளின், உணவுக் குழாயில் ஒட்டி அங்கே புண்ணை உண்டாக்கும். நாய்க்கு அவ்வளவு பாடு வேண்டியதில்லை. மணிக்கு அம்மா ஒரு துண்டு கோழியில் குளிசையைப் பொதித்து, அதற்கு முன் ஒன்றும் பின் ஒன்றுமாக வெறும் கோழித் துண்டு கொடுப்பார். மூன்றாவது துண்டைப் பார்த்தபடியே இரண்டாவதை விழுங்கிவிடும்.